மதாம் மிரேய் பெயர் போடாத கண்ணாடிகள்

மதாம் மிரேய் வருமுன் இத்தாலியின் பலேர்மோ நகர வெயிலுக்கு நிறமே இருந்ததில்லை. சூரியனுக்கே வர்ணம் அடித்த ஒரே மனுசி அவர்தான். நம்பாதவர்கள் கால்சாப் பகுதியில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள். தரையெல்லாம் நீலமும் சிவப்பும் கொட்டிக் கிடக்கும்.

பிரான்சில் பிறந்தவர். கோயில் யன்னல் கண்ணாடிகளில் புனிதர்களைத் தீட்டுவது தொழில். 2002இல் இரண்டு கிழமை வேலைக்கென்று வந்தவர், எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்த கடையறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அங்கை வெயிலைக் கெஞ்ச வேணும். இஞ்சை அது கதவை உடைச்சுக்கொண்டு வருது."

இத்தாலியனில்தான் சொன்னார். தமிழாக்கியது நான்; பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள், நான் அங்கே அதிகம் போனதில்லை, மதாமின் கடையறையில் எடுபிடியாகத்தான் கிடந்தேன்.

பிரான்சிலும் இங்கேயுமாக முப்பது வருடத் தொழிலில் நாற்பது கோயில். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. யன்னலுக்கு அடியில் நன்கொடை கொடுத்தவரின் பெயரைத்தான் எழுதுவார்கள். 2007இல் கண் மங்கத் தொடங்கியது. எங்கள் கோயில் யன்னல்தான் கடைசி என்றார். இதிலாவது ஒரு மூலையில் தன் பெயரைப் போடலாமா என்று கோயிலின் இத்தாலியப் பங்குச் சுவாமி கிறிகோரியிடம் கேட்டார்.

"செய்த ஆக்கள் எல்லாரும் பேர் போட வெளிக்கிட்டா, மேசனுக்கு எங்கை இடம் விடுறது, சிஞ்ஞோரா?"

மதாம் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அன்று முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை.

அந்த யன்னலில் இருப்பது பேதுரு. மூக்கு வுச்சீரியாச் சந்தை மீன்காரருடையது. அவருக்கு அது தெரியாது. இன்றைக்கும் நிமிர்ந்து பார்த்து, "எங்கேயோ கண்ட முகம்" என்பார்.

கண்ணாடியில் பூசும் கபில நிற மாவை வினாகிரியில் குழைப்பார்கள். காய்ந்தபின் குச்சியால் கீறினால் அந்தக் கோட்டில் வெளிச்சம் வரும். சூளையில் வைக்கும்வரை விரலால் துடைத்துவிடலாம். பிறகு ஒருவராலும் முடியாது. சூளைக்கு முதல்நாள் மதாம் பாண் வாங்கப் போன நேரம், பேதுருவின் அங்கிக் கரையில் பூவேலை மாதிரி மூன்று தமிழ் எழுத்துக் கீறினேன். சுவாமிக்கும் தமிழ் தெரியாது, மதாமுக்கும் தெரியாது. மொரீசியஸ்காரக் கூட்டாளி பிரயனுக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் அவனிடம், கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறேன் என்று பெருமையடித்தேன்.

யன்னல் கோயிற் சுவரில் ஏறியது. திருநாளும் முடிந்தது. மதாம் என்னைக் கூப்பிட்டார்.

"பேதுருவின்ரை சட்டையிலை என்ன எழுதினனீ?"

"தூஷணம்," என்றேன். "சும்மா பகிடிக்கு."

"ஓம், பிரயனும் அப்பிடித்தான் சொன்னவன். சூளையிலை வைக்க முன்னமே கண்டிட்டன். துடைக்கத் துணியும் எடுத்திட்டன். எதுக்கும் எண்டு உங்களுக்கு மேல்வீட்டு ஞானாம்பிகையைக் கூப்பிட்டுக் காட்டினன். அவ வாசிச்சவ."

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"அப்ப சொல்லு," என்றார் மதாம். "என்ரை பேர் உங்கடை பாஷையிலை தூஷணமோ?"