அடுத்த வாரம் வருகிறேன்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்காக மரம் வெட்டுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. மரவள்ளி போட்டோம், மரவள்ளி தின்றோம். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். கடுதாசி கிடையாது.

அவரோடு போன கூட்டாளி ஒருவன் அங்கிருந்து தப்பி வந்து, மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தன் அக்காள் வீட்டில் ஒளிந்திருந்தான். காலில் புண், நடக்க முடியாது. கடலோரப் போர்டிக்சனிலிருந்து சைக்கிளில் உப்பு கொண்டுவந்து விற்கிறவர்தான் இதை என் காதில் போட்டார்.

"அண்ணிகிட்ட மட்டுந்தான் சொல்லணுமாம். வந்து பாத்துட்டுப் போகச் சொன்னான்."

"அடுத்த வாரம் வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன். நாலே மைல். காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். சோறு என்பது பேச்சுக்குத்தான்.

அந்த வாரம் காட்டுப்பன்றி வருவதற்குள் கிழங்கைத் தோண்ட வேண்டியிருந்தது. அடுத்த வாரம், நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது, கோழி முட்டையிடட்டும் என்றேன். அந்தக் கோழியும் என்னைப்போலத்தான், நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த வாரம் கட்டிக்கொள்ளத் துணியில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "என் சீலையக் கட்டிக்கிட்டுப் போயேன்க்கா" என்று கொண்டுவந்து நீட்டினாள். அந்த நிறம் எனக்கு எடுக்காது என்று திருப்பிக் கொடுத்தேன். நாங்கள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

வேலை ஏவுகிற மண்டோர்கூடச் சொல்லாத வேலையெல்லாம் செய்தேன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த கால்வாயை முழுசாகத் தூர் வாரினேன்.

குங்குமம் கடையில் இல்லை. சயாமுக்குப் போனவர்களின் பெண்சாதிகள் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துப் பொட்டு வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வேலையை மட்டும் நான் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. சேதி என்று ஒன்று வந்து சேராதவரை, பொட்டை அழி என்று எவளும் என்னிடம் சொல்ல முடியாது. இதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்றால் இல்லை. எனக்கு வேலை அதிகம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரமும் உப்புக்காரரிடம் அதையே சொல்லி அனுப்பினேன். ஐந்தாவது வாரம் அவர் வந்து உப்பை அளந்து போட்டார். யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை போலிருந்தது. நானும் கேட்கவில்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான், அவன் ஏன் இந்தத் தடவை கூப்பிட்டனுப்பவில்லை என்று யோசித்தேன். மறுநாள் விடிந்ததும் சாக்குத் துணியோடு, வெறுங்கையோடு நடந்தேன்.

அவனுடைய அக்காள் வாசலில் பாய் விரித்து, சீவிய மரவள்ளியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். அவன் செத்து ஆறு நாள் ஆகிவிட்டது என்றாள்.

"எங்கிட்ட என்ன சொல்றதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரியுமாக்கா?"

"ஒரு வார்த்தை சொல்லல தங்கச்சி. எத்தனை தடவ கேட்டாலும் அண்ணிகிட்டத்தான்னு சொல்லிட்டான்."

காயும் மரவள்ளியைப் புரட்டிப் போட்டாள். பிறகு அவளே சொன்னாள்:

"நீ வர்றேன்னு சொன்ன நாள்ல விடிஞ்சதுலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான். ஒடம்பெல்லாம் நடுங்கும். நீ வரலன்னு உப்புக்காரரு வந்து சொன்னதும், கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்."

உயிரோடு இருக்கிறவரைப் பற்றிச் சொல்ல யாரும் அப்படி நடுங்க மாட்டார்கள். பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அக்காள் ஏன் என்று கேட்கவில்லை.