கதிரையில் இருந்து இறக்கப்பட்ட இருவர்

ஸ்குவாஷ் விளையாடுகிற பிள்ளையின் தகப்பனுக்கு முதலில் போவது பசி. பிறகு நித்திரை. மூன்றாவதாக என்ன போகும் என்பதை மரியாதை கருதி எழுதாமல் விடுகிறேன்.

நான் நெல்லியடியில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஊரின் பயத்துக்கும் படபடப்புக்கும் குளிசை எடுத்துக் கொடுக்கிறவன். மகளுக்கு மட்ச் இருக்கிற நாளில் மட்டும் அந்த மருந்து அலுமாரியில் எனக்கென்று ஒன்றும் இருப்பதில்லை.

அவள் பத்து வயதில் தொடங்கினாள். யாழ்ப்பாண நகரில் ஒரு பழைய கழகத்தின் பின்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்குவாஷ் கோட் இருக்கிறது. நாலு சுவர், ஒரு சின்னக் கதவு, மேலே பார்ப்பவர்களுக்கு ஒரு மாடம். உள்ளே இரண்டு பேர் ஒரு சின்ன ரப்பர் பந்தை மாறி மாறி முன்சுவரில் அடிப்பார்கள். நிலத்தில் இரண்டாம் தரம் படுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சுவரின் அடியில் உள்ள தகரத்தில் பட்டால் டவுன், பொயின்ற் போச்சு. இதைக் கண்டுபிடித்த மனுசனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்காது என்பது என் முடிவு. பெற்றவன் எவனும் இரண்டு பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு றாக்கெட்டைக் கொடுத்து ஒரே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தமாட்டான்.

முதல் நாள் மாடத்தில் நின்றபோது நான் பந்தைப் பார்க்கவே இல்லை. மற்றப் பிள்ளையின் றாக்கெட் என் மகளின் கண்ணுக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்பதை மட்டும் பார்த்தேன். அன்றே விளையாட்டுக் கண்ணாடி வாங்கினேன். அது உடைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்று. இப்போது வீட்டில் ஐந்து கண்ணாடிகள் இருக்கின்றன. பிள்ளைக்குக் கண் இரண்டுதான் என்று மனைவி ஒருமுறை ஞாபகப்படுத்தினாள்.

பயிற்சிக்கு மோட்டார் சைக்கிளில் போவோம். வழியில் மரம் மட்டை இல்லாத வல்லை வெளியில் காற்று குறுக்கே அடிக்கும். முதுகில் றாக்கெட் பையோடு மகள் பாய்மரம் மாதிரி இருப்பாள். நான் கவிழப்போகிற வள்ளம்.

"அப்பா, பின்னாலை ஒரு ஐயா கன நேரமாப் பெல் அடிக்கிறார்."

"பெல்லோ? சைக்கிளோ?"

"ஓம். இப்ப முந்திப் போட்டார்."

இப்படியே நாலு வருடம் போனது. அவள் வளர்ந்தாள், அடி பலத்தது, பயம் எனக்குள் அசையாமல் இருந்தது. பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் கொழும்பில் நடக்கிற தெரிவுப் போட்டிக்கு இங்கிருந்து ஒரேயொரு பெண்பிள்ளைதான் போகலாம். மகளுக்கு அந்த வயதில் இதுவே கடைசி வாய்ப்பு. எதிரே சாவகச்சேரிப் பிள்ளை. இருவரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கிற சிநேகிதிகள்.

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் அடுத்த மட்சுக்குப் புள்ளி சொல்ல வேண்டும். தோற்று, அழுது, முகம் கழுவி, மாடத்துக் கதிரையில் ஏறி இருந்து மற்றவர்களின் வெற்றியை உரத்து அறிவிக்க வேண்டும். அன்றைய முதலாவது மட்சில் தோற்ற பிள்ளை வெயிலில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்து வீட்டுக்குப் போய்விட்டது. பயிற்சி கொடுக்கிற கோச்சுக்கு இரண்டு பேருமே மாணவிகள். தான் தீர்ப்புச் சொன்னால் கதை வரும் என்று என்னையும் சாவகச்சேரிப் பிள்ளையின் தாயையும் கூப்பிட்டார்.

"இரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருங்கோ. பிழையைக் காணுற ஆள் சொல்லட்டும். ஒராள் தன்ரை பிள்ளைக்குச் சார்பாச் சொன்னால் மற்றாள் விடமாட்டா."

நல்ல யோசனைதான். எங்கள் இருவரின் பயத்தை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் நாலு ஆட்டங்களில் பெரிதாக வில்லங்கம் இல்லை. ஆளுக்கு இரண்டு. பதினொன்று எடுப்பவர் வெல்லுகிற ஐந்தாவதில் எட்டுக்கு எட்டு. மகள் ஒரு பந்தைத் தாழ்வாக அடித்தாள். அது தகரத்துக்கு ஒரு விரல் மேலே பட்டுச் செத்து விழுந்தது. அருமையான அடி. நான் நிமிர்ந்தேன். மாடத்தில் நின்ற பெற்றோர் எல்லோரும் பந்தை விட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பேசாமல் இருந்தால் 'தேப்பன்தானே' என்ற கதை எனக்கு முன்னமே நெல்லியடிக்குப் போய்ச் சேரும். வாய் தானாகத் திறந்தது.

"டவுன்."

மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அடுத்த பந்தைச் சாவகச்சேரிப் பிள்ளை ஓடிப்போய் அழகாக எடுத்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்து ஒரு நடுங்கிய குரல் வந்தது. "நிலத்திலை இரண்டாம் தரம் குத்திப் போட்டுது."

நான் காதோடு சொன்னேன். "அக்கா, அதை நல்லாத்தானே எடுத்தவ."

"தெரியும் தம்பி. உங்கடை பிள்ளைக்கு நீங்கள் அப்பிடிச் செய்தாப் பிறகு நான் எப்பிடிச் சும்மா இருக்கிறது?"

அதற்கு நன்றிக்கடனாக அடுத்த பந்தையும் நான் மகளுக்கு எதிராகவே சொன்னேன்.

இரண்டு பிள்ளைகளும் விளையாட்டை நிறுத்தினார்கள். ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு சாவகச்சேரிப் பிள்ளை இடுப்பில் கையை வைத்து மேலே பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் கீழை இறங்குங்கோ."

"அப்பா, நீங்களும்தான்," என்றாள் மகள். "நாங்களே சொல்லிக்கொள்ளுறம். எட்டு எட்டிலை இருந்து."

கோச் தலையாட்டினார். கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார்.

நாங்கள் இருவரும் முற்றத்துக்கு வந்து கோட்டின் வெளிச்சுவரோடு நின்றோம். பந்து மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டைப் பையில் இருந்த வயிற்றெரிவுக் குளிசையில் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டோம்.

"சந்நிதியானே," என்று முருகனைக் கூப்பிட்டா அந்த அம்மா. "ஆரெண்டாலும் பரவாயில்லை, கெதியா முடிச்சு விடு."

உள்ளே இருந்து "நைன் எயிற்" என்று ஒரு குரல். சேர்வ் போடுகிறவர் தன் புள்ளியை முதலில் சொல்லுவது முறை. ஆனால் யார் போடுகிறார் என்று தெரிந்தால்தானே. சுவருக்கு வெளியே இரண்டு குரலும் ஒன்றாகவே கேட்டன. இத்தனை வருடம் அப்பா என்று கூப்பிட்ட குரல், எனக்குப் பிடிபடவில்லை. "நைன் ஓல்." "ரென் நைன்." பிறகு ஒரு நீண்ட அடிபாடு. எண்ணத் தொடங்கினேன். இருபத்து மூன்றில் தகரம் அதிர்ந்தது. யாரோ ஒருத்தியின் பந்து தகரத்தில் பட்டுவிட்டது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். போய்க் கேட்கிற வேலையை ஆளுக்காள் மற்றவருக்கு விட்டுக்கொடுத்தோம்.

சாவகச்சேரிப் பிள்ளை அழுதுகொண்டு ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு லேசானது. பெருந்தன்மையோடு அவளின் தலையைத் தடவினேன்.

"பரவாயில்லைப் பிள்ளை. அடுத்த முறை பாப்பம்."

"அங்கிள்," என்றாள் விம்மலோடு. "நான்தான் வெண்டனான்."

மகள் வெளியே வரவில்லை. கதவடிக்கு ஓடினேன். உள்ளே அடுத்த மட்சுக்கு இரண்டு பெடியள் பந்தை அடித்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் இல்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இல்லை. ஒரு தகப்பன் நினைக்கக்கூடாத எல்லாவற்றையும் அரை நிமிடத்துக்குள் நினைத்து முடித்தேன். அப்போது தலைக்கு மேலே அடுத்த மட்சைத் தொடக்கி வைக்கிற குரல் கேட்டது. கரகரத்து, நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, பிறகு சரியாகிவிட்டது.

"லவ் ஓல். பிளே."

நான் சற்று முன் இருந்த கதிரையில் அவள் இருந்தாள். முகம் ஈரமாக இருந்தது. முதல் பந்தே தாழ்வாகப் போனது.

"டவுன்."

"அக்கா, அது மேலைதான் பட்டது," என்றான் ஒரு பெடியன்.

"டவுன் எண்டால் டவுன். விளையாடு."

அது உண்மையாகவே டவுன்தான்.

திரும்பி வரும்போது வல்லை வெளியில்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத இடம்.

"எட்டு எட்டிலை நான் சொன்னன் பார், அந்தப் பந்து..."

"அது நல்ல பந்து அப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

காற்று பையைப் பிடித்து இழுத்தது. நான் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பொயின்ற் அவளிடம் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. வெளி பாதி முடிந்தபோது அவள் என் முதுகில் தட்டினாள்.

"பசிக்குது," என்றாள் கடைசியில். "கொஞ்சம் கெதியாப் போங்கோ."

அன்றுதான் வல்லை வெளியில் முதன்முதலாக ஒரு சைக்கிளை முந்தினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முந்தினேன் என்று எழுத ஆசைதான்.