எண்ணெய் போட்ட தண்டவாளம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போடுகிற புதுத் தண்டவாளத்தைப் பார்க்க உங்களைக் கூட்டிப் போனேன் அல்லவா? நீங்கள் இரண்டு பேரும் குனிந்து அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தபோது உங்கள் அம்மா, "தள்ளி நில்லுங்கடா, உங்கப்பா வூட்டு ஆளுங்க எண்ண டின்னத் தூக்கிக்கினு வந்துடப் போறாங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். என்ன சங்கதி என்று நச்சரித்தீர்கள். வெயிலில் நின்று சொல்கிற சங்கதியா அது? அதனால் எழுதியே தருகிறேன். படித்துவிட்டு அம்மாவோடு சேர்ந்து நீங்களும் சிரியுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எனக்கு அப்போது உங்களில் சின்னவனுடைய வயசு. என் பெரியம்மாவை, அதாவது என் அம்மாவின் அக்காவை, கடலோரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஊர்க் கடற்கரையில் ஒரு பூங்கா. பூங்காவைச் சுற்றி, சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, ஒரு மேட்டின் மேல் ஏறிக் கடலைக் காட்டிவிட்டுத் திரும்பி வருகிற குட்டி ரயில் ஒன்று ஒருகாலத்தில் ஓடியதாம். அதில் ஏறுவதற்கென்றே வெளியூர்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்களாம். ஒரு புயலில் மணல் வந்து பாதையை மூடியது. எஞ்சினைத் துரு தின்றது. ரயில் நின்றது நின்றதுதான். பெட்டிகளுக்குள் ஆடுகள் படுத்துக்கொண்டன.

அந்தப் பூங்காவைப் பெரியப்பா குத்தகைக்கு எடுத்தார். எடுத்ததும் அவர் செய்த முதல் காரியம், என் மாமாவுக்கு ஆள் அனுப்பியது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தியாகதுருகத்தில் வெல்டிங் பட்டறை வைத்து டிராக்டருக்கு டிரெய்லர் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. "நாலு சக்கரம் வச்சி இழுக்கறது எல்லாம் டிரெய்லர்தான், ரயிலு மட்டும் இன்னா பெருசு?" என்று கிளம்பிப் போய்விட்டார்.

அந்த ஊர்க்காரர்கள் கேலி பேசாமல் இருப்பார்களா? "கள்ளக்குறிச்சியில ரயிலே கெடையாதாம். அங்கேருந்து ஒருத்தர் நமக்கு ரயில் வுட வந்துக்கீறாரு" என்றார்களாம். "இல்லாதவனுக்குத்தான் ஆச ஜாஸ்தி" என்றாராம் மாமா. மணலுக்கடியிலிருந்து தண்டவாளத்தை மல்லாட்டைச் செடி பிடுங்குகிற மாதிரி தோண்டி எடுத்தோம் என்று ஊருக்கு வந்தபோது சொன்னார். பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, வயல் உழுகிற பவர் டில்லரின் எஞ்சினை உள்ளே உட்கார வைத்தார். முன்னால் ஒரு தார் டிரம்மைப் படுக்கப் போட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்து, புகைபோக்கி வைத்து, நிஜ ரயில் மாதிரியே ஆக்கிவிட்டார். கூவுவதற்கு லாரி ஹாரன்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கதி. பெரியப்பாவுக்கு ஒரு தங்கை. எனக்கு அத்தை முறை. அங்கே மீன் இறங்கும் துறைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்தால் என்ன என்று பெரியவர்கள் பேசினார்கள். மாமாவுக்குச் சந்தோஷம். அத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. சம்மதமா என்று பெரியம்மா கேட்டார், பெரியப்பா கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அத்தையின் அப்பா, பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்காத முகம், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மொதல்ல ரயில் ஓடட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

இந்தப் பேச்சு எங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது. "ரயில ஓட்டினாத்தான் பொண்ணாம்!" என்று என் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என் தம்பிக்கு இன்னா கொறச்சலு? ஓட்டிக் காட்றோமா இல்லியா பாரு." ஓட்டிக் காட்டுகிறோம் என்றாளே தவிர ஓட்டிக் காட்டுகிறான் என்று சொல்லவில்லை. அங்கேதான் வினை.

ரயில் விடுகிற நாளுக்கு நாங்கள் வாடகை வேனில் போனோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான், அப்புறம் ஒரு பெரிய டின். டின்னுக்குள் எங்கள் கொல்லை ஆமணக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய். எங்கள் வீட்டுக் கட்டைவண்டி அச்சுக்கு அதைத்தான் வைக்கோல் சாம்பலோடு குழைத்து மையாகப் போடுவோம். ரயிலுக்கும் சக்கரம் இருக்கிறதே, எண்ணெய் வேண்டாமா?

கடலை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். நம் ஊரில் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை வந்து கண்ணை மறித்துக்கொள்ளும். அங்கே மறிக்க ஒன்றுமே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ரயிலைச் சுற்றிக் காட்டினார். அப்பா டின்னை நீட்டினார். "அச்சுக்கு எல்லாம் கிரீஸ் வச்சி மூடிட்டேன் மாமா. இப்ப தேவயில்ல. அப்படி வைங்க" என்று சொல்லிவிட்டு மாமா குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரப் போய்விட்டார்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு தூரம் மடியில் வைத்துக் கொண்டுவந்த எண்ணெய். சுற்றுமுற்றும் பார்த்தார். தண்டவாளம் கண்ணில் பட்டது.

"அடடா, எப்டி காஞ்சிக் கெடக்குது பாரு!" என்றாள் அம்மா. "துரு வேற. ஒரு சொட்டு எண்ண காட்டியிருக்கானா உன் மச்சான்?"

"இரும்பு மேல இரும்பு ஒரசினா தேயாதா?" என்றார் அப்பா. "எண்ண போட்டம்னா வழுக்கிக்கினு போவும்."

சித்தப்பா கோணிச்சாக்கைக் கிழித்தார். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்த்தார்கள். எனக்கும் ஒரு துண்டுச் சாக்கு கிடைத்தது. பூங்காவைச் சுற்றி, தோப்புக்குள் போய், மேடு முழுக்க, ஒரு சாண் விடாமல் தேய்த்தோம். பந்தியில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று பரிமாறுவோமே, அந்த அக்கறை. தண்டவாளம் கறுகறுவென்று மின்னியது. "இப்பதாண்டா லட்சணமா கீது" என்று அம்மா முந்தானையில் கை துடைத்தாள்.

பத்து மணிக்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. மேளம் வந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். செக்கிங் தாத்தா ஒரு நாற்காலியில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அவருக்குப் பின்னால் நின்றார். பெட்டிகளில் பிள்ளைகளை ஏற்றினார்கள். நான் முதல் பெட்டி. மாமா ஹாரனை அழுத்தினார். லாரி வருகிறது என்று ரோட்டில் போன மாடு ஒன்று ஒதுங்கியது.

ரயில் நகர்ந்தது. அம்மா குலவை போட்டாள். சமதரையில் சோறு வடித்த கஞ்சி மாதிரி நழுவிப் போனோம். சவுக்குத் தோப்பு தாண்டி மேட்டில் ஏறினோம். பாதி மேடு. அங்கே எஞ்சின் உறுமியது, சக்கரங்கள் சுற்றின, ரயில் மட்டும் நின்றது. மாமா இன்னும் வேகம் கொடுத்தார். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. அப்புறம் ரயில், யாரையும் நோகடிக்காமல், மெல்லப் பின்னால் நகர்ந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, ரயில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே தோப்பைக் கடந்து, கிளம்பின இடத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் ரயில் சுற்றி வந்துவிட்டது என்று நினைத்து வேகமாகக் கொட்டினார்கள்.

"இன்னாய்யா, கடலு புடிக்கலியா, திரும்பிட்டீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மாமா எஞ்சினைத் திறந்தார். பெல்ட்டைப் பார்த்தார், செயினைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு முறை ஓட்டினார். இன்னொரு முறையும் நாங்கள் பின்பக்கமாக வந்து இறங்கினோம். புதுச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. செக்கிங் தாத்தா குடையை மடியில் படுக்க வைத்தார். மாமா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கடைசியில் குனிந்து தண்டவாளத்தை விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார்.

"வெளக்கெண்ண" என்றார்.

"நம்ம கொல்லையில வெளஞ்சது," என்றார் அப்பா பெருமையாக. "கலப்படம் கெடையாது."

மாமாவின் முகம் போன போக்கை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "யக்கா," என்றார். "வண்டிக்கு மை போடுவீங்க. மை போட்ட கையோட ரோட்டுக்கும் போடுவீங்களா? சக்கரம் புடிச்சாத்தானே ஏறும்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா வேட்டி நுனியால் துடைத்தார். துருக் குழிக்குள் இறங்கின எண்ணெய் துடைக்கத் துடைக்க மேலும் பளபளத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இரண்டு குடும்பம் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. "இத்த இன்னொரு நாளைக்கு வச்சிக்கலாமா?" என்று பெரியப்பா மெல்லக் கேட்டார். அம்மா அழ ஆரம்பித்தாள். "என் தம்பி வாழ்க்கையில நானே எண்ணய ஊத்திட்டனே!"

அப்போது நாற்காலிக்குப் பின்னால் அத்தையைக் காணவில்லை.

பார்த்தால், பிளாஸ்டிக் வாளி ஒன்றில் காய்ந்த மணலை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டடிக்கு நடந்து போகிறார். குனிந்தார். கோலம் இழுக்கிற மாதிரி விரலிடுக்கில் மணலை விட்டுக்கொண்டே தண்டவாளத்தின் மேல் ஒரு கோடு போட்டார். நேரான கோடு. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இன்னாம்மா பண்ற?" என்று பெரியப்பா கத்தினார்.

"மீன் எறங்கற எடம் வழுக்கினா இன்னா பண்ணுவாங்க? மணலத்தான் கொட்டுவாங்க," என்றார் அத்தை நிமிராமல். "எங்க ஐஸ் வண்டியே அப்டித்தான் ஏறுது. எஞ்சின எடுக்கச் சொல்லு."

அவ்வளவுதான். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் பெட்டியிலிருந்து குதித்தோம். எதிர்ப்பக்கத்துத் தண்டவாளம் எங்களுடையது. கையில், தொப்பியில், பாவாடை மடியில் என்று மணலை வாரி வாரிக் கொட்டினோம். பெரியவர்களும் வந்துவிட்டார்கள். மேளக்காரர்களில் ஒருவர்கூட மேளத்தை வைத்துவிட்டு வந்தார். கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமா?

முன்னால் அத்தை வாளியோடு நடக்க, பின்னால் மாமா அவர் நடை வேகத்துக்கே எஞ்சினை ஓட்டிக்கொண்டு வந்தார். சக்கரத்தில் மணல் நறநறவென்று கடிபட்டது. ரயில் நழுவவில்லை. நான் இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் மணல் போட்டுக்கொண்டே போனதால் அவர்கள் பேசினது எனக்குக் கேட்டது.

"மெல்ல வாங்க" என்றார் அத்தை.

"மெல்லத்தான் வரேன்."

"இங்க எண்ண ஜாஸ்தி."

"அது எங்கக்கா தேச்ச எடம். கை தாராளம்."

அத்தை சிரித்தார். அதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை என்று அப்புறம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். வாளி காலியானது. நான் ஓடிப்போய் நிரப்பிக் கொடுத்தேன். "போதுங்க, ஏறிடும்" என்றார் மாமா. "உச்சி வரைக்கும் போட்டுடறேன்" என்றார் அத்தை. போட்டார். உச்சியில் ஏறி ரயில் நின்றதும் கடல் முழுசாகத் தெரிந்தது. மாமா ஹாரனை அழுத்திய கை எடுக்கவில்லை. கீழே இருந்த கூட்டம் போட்ட சத்தத்தில் சவுக்கு மரத்துக் காக்காய்கள் எல்லாம் பறந்தன. அப்பா சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தார். இருவர் மேலும் எண்ணெய்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ரயில் ஓடியது. நடுவில் பெரியம்மா ஒரு தட்டில் சர்க்கரை கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டார். அம்மா அத்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஆடியில வேணாம், ஆவணியில வச்சிக்கலாம் என்று பேசினார்கள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. நான் அங்கேயேதானே இருக்கிறேன்? எல்லார் நடுவிலும் போய் நின்று கேட்டேன்:

"அத்த இன்னும் ஒண்ணும் சொல்லலியே? யாரும் கேக்கவும் இல்லியே?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்காத செக்கிங் தாத்தாவே சிரித்துவிட்டார். "அதான் வாளி வாளியா சொல்லிட்டாளேடா!" என்று என் தலையில் தட்டினார்.

நான் விடவில்லை. அத்தை பக்கத்திலேயே நடந்தவன் நான். வாளி நிரப்பிக் கொடுத்தவன் நான். மெல்ல வாங்க என்றார், எண்ணெய் ஜாஸ்தி என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்கள் எல்லாருக்கும் கேட்டது எனக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போனது?

பெரியவர்கள் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து நான் தனியாக மேட்டுக்கு ஏறினேன். யாரும் இல்லை. ஒரு கைப்பிடி மணலை அள்ளி, விரலிடுக்கில் விட்டு, அத்தை போட்ட மாதிரியே தண்டவாளத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். அப்புறம் முழங்கால் போட்டுக் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோய் வைத்துக் கேட்டுப் பார்த்தேன்.