எடுத்துக் கொடுக்காத வரி

என் அத்தையிடம் பேசுகிறவர்கள் எந்த வாக்கியத்தையும் முடிக்க வேண்டியதில்லை. "நாளைக்கு வந்து..." என்று பால்காரர் இழுத்தால், "அரை மணி லேட்டாகும், அவ்வளவுதானே" என்று அவளே முடித்துவிடுவாள். மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரையின் பெயரைத் தேடி நெற்றியைச் சுருக்குவதற்குள் அந்தப் பெயர் அவர்முன் வந்து விழும். எதிர் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார். "உங்க அத்தையோட சண்டைகூடப் போட முடியலம்மா. நான் திட்ட வேண்டியதையும் அவங்களே சொல்லி முடிச்சிடறாங்க."

தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரே ஒரு பையோடு அவள் வீட்டு முன்னறையில் வந்து தங்கிய பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், அத்தை வாய் திறப்பதற்கு முன்பே அவளுடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு நகரத் தொடங்கிவிடும். எண்ணுகிறாள். மூன்று, நான்கு என்று போவதற்குள் முகம் வெளுத்துவிடும். அதற்கு மேல் தாங்க மாட்டாமல்தான் சொல்லை எடுத்துக் கொடுக்கிறாள். அது வேடிக்கை அல்ல, பயம்.

எடுத்துக் கொடுப்பதுதான் அவள் தொழிலாகவும் இருந்தது. ஒரு நாடகக் குழுவில் இருபத்தாறு வருடம் பிராம்ப்டர். நடிகருக்கு வசனம் மறந்தால், மேடையின் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து, பார்வையாளர் காதில் விழாதபடி அடுத்த வரியைச் சொல்கிற வேலை. அந்தக் குழுவுக்கு அவள் முதலில் போனது டைப் அடிக்க. ஒரு நாடகத்தை ஆறு பிரதி அடித்து முடித்தபோது முழுதும் மனப்பாடமாகிவிட்டது. ஒத்திகையில் கதாநாயகன் திணறியபோது, காகிதக் கட்டோடு கதவோரம் நின்றவள் தன்னை அறியாமல் வரியைச் சொல்லிவிட்டாள். அன்றே பிடித்து ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அதோடு சொந்தப் பெயர் போய் 'முணுமுணு அக்கா' ஆனாள்.

முக்காலி, நீலக் காகிதம் ஒட்டிய டார்ச் விளக்கு, துணி அட்டை போட்ட பிரதி, திரையை இறக்கச் சொல்லும் மணியின் பொத்தான். அவள் வாலிபம் இந்த நாலு சாமான்களுக்கு நடுவில் போயிற்று. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் குழு வெளியூரில் இருந்தது. மூன்றாவது முறை பேச்சே வரவில்லை. வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படித் தெரிந்துகொள்வாய், ஒருவர் மறந்துவிட்டாரா நடிக்கிறாரா என்று ஒருமுறை கேட்டேன். "மறந்தவங்க மூச்சை உள்ளே இழுப்பாங்க. நடிக்கிறவங்க வெளியே விடுவாங்க. நான் எங்க புத்தகத்தைப் பாத்தேன்? நெஞ்சைத்தான் பாப்பேன்" என்றாள்.

குழுவுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே நாடகம். வீட்டை விட்டு ஓடிப்போன தங்கை, கொட்டும் மழையில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அக்கா திறப்பதில்லை. விடிந்ததும் வாசலில் தங்கையின் உடல் கிடக்கிறது. தூங்கிவிட்டேன், எதுவும் கேட்கவில்லை என்றே அக்கா ஊருக்கெல்லாம் சொல்லி வாழ்கிறாள். முப்பது வருடம் கழித்துத் தங்கையின் மகன் வந்து கேட்கிறான், தட்டியது உண்மையிலேயே கேட்கவில்லையா என்று. அக்கா பேசாமல் நிற்கிறாள். வெகுநேரம் நிற்கிறாள். பிறகு சொல்கிறாள்: "கேட்டுது. தட்டினது கேட்டுது. எழுந்திருக்கத்தான் மனசு வரல."

அக்காவாக நடித்தவரைக் குழுவில் மகாராணி என்பார்கள். ஒப்பனை அறையில் மெத்தை வைத்த ஒரே நாற்காலி அவருடையது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் நிற்கும் அந்த மௌனத்தைப் பார்க்கவே மக்கள் இரண்டாம் முறை வந்தார்கள். தொடக்கத்தில் அது ஐந்து எண்ணும் நேரம். வருடம் போகப் போகப் பத்து, பன்னிரண்டு என்று நீண்டது. பிரதியில் அந்த இடத்தில் அத்தை சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள். வட்டம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. உண்மையாகவே மறந்துவிட்டால் மகாராணி வலது கையால் காதைத் தொடுவார். இந்த ஏற்பாடு அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். மகாராணிக்கும் மறதி உண்டு என்று மற்றவர்கள் பேசிவிடக் கூடாதாம்.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு மாலைக் காட்சியில், அந்த மௌனத்தில் நின்றவர் பதிலைச் சொல்லாமலேயே நாற்காலியில் சரிந்தார். திரை இறங்கியது. கைதட்டல் ஓயவில்லை. உள்ளே அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டிருந்தது. அதன்பின் நான்கு வருடம் பேச்சில்லாமல் படுக்கையில் கிடந்து இறந்தார். அந்தக் கடைசி மௌனத்தைப் பார்த்தவர்கள், அப்படி ஒரு நடிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்றார்கள். உயிரையே கொடுத்து நடித்தார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அத்தை அந்த வாரமே வேலையை விட்டாள்.

நான் வந்து இரண்டாம் மாதம், ஒரு டைரக்டர் வீட்டுக்கு வந்தார். கூடவே மகாராணியின் மகள். நாடகம் படமாகிறது, அம்மாவின் வேடத்தில் மகள் நடிக்கிறாள். ஒப்பனை அறையில் தவழ்ந்து வளர்ந்தவள் அவள். அத்தையைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். துணி அட்டைப் பிரதி அத்தையிடம்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். அத்தை அலமாரியைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்தாள். அதில் அவளுக்குத் தயக்கமே இல்லை.

பிறகு டைரக்டர் கேட்டார். படத்தின் உயிரே அந்தக் கடைசி மௌனம்தான். அதை அப்படியே, வெட்டாமல், ஒரே ஷாட்டாக எடுக்கப் போகிறார். "எவ்வளவு நேரம் நின்னாங்க? ஒருத்தர் ஒரு நிமிஷம்கறார், ஒருத்தர் மூணு நிமிஷம்கறார். கணக்கு உங்களுக்குத்தான் தெரியும்."

அத்தையின் கட்டைவிரல் சேலை மடிப்புக்குள் நகர்வதைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்ல" என்றாள். ஒரு கேள்விக்கு அவள் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பரவால்ல பெரியம்மா" என்றாள் மகள். "ஷூட்டிங் அன்னிக்கு நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும். அம்மாவுக்கு உக்காந்த மாதிரி." வாசல்வரை போனவள் திரும்பி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா படுத்துக் கிடந்த அந்த நாலு வருஷத்தை நினைச்சா நெஞ்சு அடைக்கும். ஆனா அந்தக் கடைசி நாளை நினைச்சுத்தான் தேத்திக்குவேன். எவ்வளவு பெரிய நடிப்பு."

அவர்கள் போன பிறகு அத்தை அடுப்பில் வைத்ததை இரண்டு முறை தீய விட்டாள்.

படப்பிடிப்புக்கு நானும் போனேன். பஸ்ஸில் நடுப்பகல் வெயில் எங்கள் மடியில் விழுந்தது. பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே அத்தை சொல்லத் தொடங்கினாள். அந்தக் கடைசிக் காட்சிக்கு மூன்று நாள் முன்பு, மகாராணி மௌனத்தில் நின்றபோது மூச்சை உள்ளே இழுத்ததாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மறந்துவிட்டார் என்று நினைத்து வரியை எடுத்துக் கொடுத்தாள். குரல் ஒரு துளி கூடிவிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காட்சி முடிந்ததும் மகாராணி குழு முழுவதையும் நிற்க வைத்து, முக்காலிக்கு இருக்கும் பொறுமைகூட அதில் உட்காருகிறவளுக்கு இல்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அருகில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் செத்து விழுந்தாலும் சரி, காதைத் தொடாம வாயைத் திறக்காதே."

"மூணு நாள் அதையே மென்னுக்கிட்டிருந்தேன்" என்றாள் அத்தை. "நாலாம் நாள் அவ நின்னா. பன்னெண்டு போச்சு. பதினஞ்சுல மூச்சை இழுத்தா. இருபதுல வாய் ஒரு பக்கம் இறங்குச்சு. வலது கை இடுப்புலேர்ந்து ஒரு விரற்கடை மேல வந்துது, விழுந்துது. மறுபடி வந்துது, விழுந்துது. காதைத் தொடத்தான் பாக்கறா. முடியல. எனக்குப் புரிஞ்சுது. இருபதுலயே புரிஞ்சுது."

"அப்புறம்?"

"இருபத்தொண்ணுலேர்ந்து எண்ணினேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. மணிப் பொத்தான்மேல்தான் விரல் இருந்தது என்றாள். நீ சொன்னபடியே இருக்கிறேன், பார் என்று ஒரு வீம்பு. நாற்பத்தொன்றில் மகாராணி சரிந்தார்.

அந்த இருபது எண்ணிக்கையில் எதுவும் மாறியிருக்காது, எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார் என்றேன்.

"மாறியிருக்காதுதான். ஆனா அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தாளே." பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தவள், துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "அவ பொண்ணு அதை நடிப்புன்னு நினைச்சிட்டிருக்கா. இப்ப தானும் அதையே நடிக்கப் போறா. காமிரா ஓடறதுக்கு முன்னாடி சொல்லிடணும். இல்லேன்னா நான் ரெண்டாந்தடவையும் பாத்துக்கிட்டு உக்காந்தவளாயிடுவேன்."

ஸ்டுடியோ ஒரு பெரிய கிடங்கு. நடுவில் பாதி வீடு மட்டும் நின்றது, கூரை இல்லாமல். கதவுக்கு வெளியே மேலே ஓட்டை போட்ட குழாய்கள், மழைக்காக. கதவு ஏற்கெனவே நனைந்து கறுத்திருந்தது. சாம்பல் நிறப் புடவையில், நரைத்த முடி வைத்துக்கொண்டு மகள் திரும்பியபோது, அத்தை என் முழங்கையைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்காக ஒரு முக்காலி செய்து வைத்திருந்தார்கள். மேலே நீலக் காகிதம் ஒட்டிய டார்ச் விளக்குகூட இருந்தது. ஆசையாகச் செய்திருந்தார்கள்.

அத்தை மூன்று முறை முயன்றாள். முதல் முறை ஒப்பனைக்காரர் குறுக்கே வந்தார். இரண்டாம் முறை விளக்குக்காரர் மகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். மூன்றாம் முறை, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா கண்ணு, அன்னிக்கு உங்கம்மா..." என்று தொடங்கியபோது, மகள் அவள் வாயின் குறுக்கே மெல்லக் கையை வைத்தாள். "ஷாட் முடிஞ்சதும் சொல்லுங்க பெரியம்மா. இப்ப எனக்குள்ள அம்மா மட்டும் இருக்கட்டும்." அத்தை முக்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

மழை தொடங்கியது. தங்கையின் மகனாக நடித்தவர் தன் கேள்வியைக் கேட்டார். மகள் நின்றாள். குழாய் நீர் தகரத்தில் விழும் ஓசை தவிர வேறொன்றும் இல்லை. அத்தையின் விரல் நகர்ந்தது. ஐந்து. ஆறு. ஏழு. எட்டில் மகளின் இடது கை மெதுவாக உயர்ந்து, காதைத் தொட்டது.

"கேட்டுது" என்றாள் அத்தை. முணுமுணுப்பாக அல்ல. இருபத்தாறு வருடம் அடக்கி வைத்த முழுக் குரலில், கிடங்கின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி. "தட்டினது கேட்டுது. எழுந்திருக்கத்தான் மனசு வரல."

யாரோ மழையை நிறுத்தினார்கள். டைரக்டர் கோபமாக எழுந்தார். மகள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

"நான் காதைத் தொட்டதும் ஏன் பெரியம்மா சொன்னீங்க?"

"அதுதானே அடையாளம்" என்றாள் அத்தை. "வரி வேணும்னா உங்கம்மா காதைத் தொடுவா."

மகள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். தான் அதைச் சேர்த்துக்கொண்டது அம்மாவின் நினைவுக்காக என்று, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். படுக்கையில் நான்கு வருடமும் அம்மா நல்லாயிருந்த இடது கையால் காதைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அத்தை பார்க்கப் போன ஒன்றிரண்டு நாளும் வாசலோடு திரும்பிவிட்டதால் அதைக் கண்டதில்லை. "காது வலின்னு நினைச்சு மருந்து விட்டோம். மூணு டாக்டர் பாத்தாங்க. காதுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

பிறகு அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். முன்வரிசைச் சிரிப்பு, திட்டு, இருபது, வீம்பு. பஸ்ஸில் சொன்னதைவிடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இடையில் அவள் திக்கிய இடங்களில் மகள் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"மொத்தம் எத்தனை எண்ணினீங்க?"

"நாப்பத்தொண்ணு."

மகள் தலையை ஆட்டினாள். டைரக்டரைத் திரும்பிப் பார்த்து, சாதாரணக் குரலில், "சார், கணக்கு கிடைச்சிடுச்சு, நாப்பத்தொண்ணு" என்றாள். கலைந்த நரை முடியைச் சரிசெய்துகொண்டு அத்தையிடம் குனிந்தாள். அவள் அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் குனிந்திருப்பார்.

"உக்காருங்க பெரியம்மா. இன்னொரு தடவை போலாம். நான் காதைத் தொடுவேன். தொட்டுக்கிட்டே இருப்பேன். உங்களைத்தான் பாப்பேன். நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது."

போய்விடலாம் அத்தை என்று நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் என் கையை விலக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. டார்ச் விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மழை மறுபடி தொடங்கியது. கேள்வி கேட்கப்பட்டது. எட்டில் மகளின் கை காதுக்குப் போனது. பன்னிரண்டில் மறுபடி. அவள் கண்கள் பக்கத்திரை இருந்திருக்க வேண்டிய இடத்தில், அத்தையின் மேல், இமைக்காமல் நின்றன. அத்தையின் உதடுகள் அந்த வரிக்காகத் திறந்தன. ஒலி வரவில்லை. தோளில் இருந்த என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் இப்போது என் விரல்களின் கணுக்களில் நகர்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பது. இருபது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த கணுவுக்குப் போனது.