நீதிமன்றத்தில் இரண்டு கழிப்பறை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் கல்யாணமும் விவாகரத்தும் நீதிமன்ற எழுத்தர் வெர்டெல் முத்திரை குத்தினால்தான் செல்லும். கறுப்புப் பெண்மணி, வாய் சும்மா இருக்காது.

பழைய நீதிமன்றக் கட்டடத்தைப் புதுப்பிக்க வந்த வெள்ளைக்கார இளைஞன் கோல்பி, பெண்களுக்கு மட்டும் அடுத்தடுத்து இரண்டு கழிப்பறை இருப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"கட்டினவர் ஏதோ குழம்பிட்டாரா, மிஸ் வெர்டெல்?"

"தெளிவாத்தான் இருந்தாரு தம்பி. அந்தக் காலத்துல ஒண்ணு உங்க பாட்டி மாதிரி வெள்ளைக்காரங்களுக்கு, இன்னொண்ணு எங்கம்மா மாதிரி கறுப்பினத்தவங்களுக்கு."

அவன் முகம் சிவந்துவிட்டது. "இதுல நீங்க எந்தக் கழிப்பறைக்குப் போறீங்க?"

"உங்க பாட்டியோடதுக்குத்தான். தாழ்ப்பாள் நிக்காது, குளிர் வேற அடிக்கும். எங்களோடது எவ்வளவோ தேவலை."

"அப்புறம் ஏன் அங்கயே போறீங்க?"

"எங்கம்மாவை ஒரு நாள்கூட அதுக்குள்ள விட்டதில்ல," என்றாள் வெர்டெல். "அவங்களுக்கும் சேர்த்து நான்தானே போகணும்."