கண்ணாடியில் சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டுச் சாமித்தட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார இளைஞனின் படம் இருக்கிறது. விமானப்படைத் தொப்பியைச் சற்றுச் சரித்து வைத்துக்கொண்டு, யாரோ விட்ட பகிடிக்குச் சிரிப்பை அடக்குகிறவன் போல நிற்கிறான். கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சட்டத்தில் காய்ந்த செவ்வந்தி மாலை. பக்கத்தில் என் அண்ணாவின் படம், பொட்டும் மாலையும் இல்லாமல். வீட்டுக்கு வந்த ஒருவர், சொந்தமா என்று கேட்டே விட்டார். ஓம் என்றேன். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது.

சுவிஸில், ஓல்டன் நகரில் நானும் மனைவியும் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்த கனடாக்கார அம்மாவின் தமையன் அவன். உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அவனுடைய விமானம் கடலுக்கு மேலே எங்கோ தொலைந்தது. அப்போது அந்த அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு ஒரு சுவிஸ்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, இங்கேயே கிழவியாகிவிட்டார். மற்றவர்களோடு சுவிஸ் ஜெர்மன், என்னோடு மட்டும் ஆங்கிலம். காலையில் நான் அவருடைய வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறைகளை மாட்டிவிடும் நேரத்தில்தான் தமையனைப் பற்றிக் கதைப்பார். அவருடைய தாய், சாகும்வரை மகனின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, காற்றும் அடித்து வைத்திருந்தாராம். வேறு யாரும் அதைத் தொடக் கூடாதாம். ஒருநாள் நானும் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். ஊரில் நடந்த கடைசிச் சண்டையோடு காணாமற்போனவர், அங்கே எங்கள் அம்மா இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அந்த அம்மா மற்றக் காலை நீட்டினார்.

மனைவிக்கு அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கட்டியதில் மிஞ்சிய மாலையை வேலைக்குக் கொண்டுபோனாள். விமானக்காரனின் படத்தைத் துடைத்து, சந்தனம் வைத்து, மாலையும் போட்டுவிட்டாள். செத்தவரின் படம் வெறுமையாக இருந்தால் அவளுக்குக் கை சும்மா இராது. அந்த அம்மா தமையனைப் பற்றி எவ்வளவோ கதைத்திருந்தும், செத்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது எனக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. மறுநாள் காலையில் காலுறைகளோடு உள்ளே போனபோதுதான் மாலையைக் கண்டேன்.

இது என்ன என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்குச் செய்வது, மன்னியுங்கள், கழற்றிவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தைக் கனநேரம் பார்த்தார். "என் தாய் பார்த்திருந்தால் உங்கள் இருவரையும் துரத்தியிருப்பார்," என்றார். "இருக்கட்டும். வழி பார்த்துப் பார்த்து எனக்கும் களைத்துவிட்டது." அழவில்லை. காலுறையை மாட்டச் சொன்னார்.

போன குளிர்காலத்தில் அவர் இறந்தபோது, கணவரின் தங்கை மகள் வந்து கடிகாரத்தையும் மேசை விளக்கையும் எடுத்தார். படத்தைக் காட்டி, இவரை எனக்குத் தெரியாது, வேண்டுமென்றால் நீங்கள் எடுங்கள் என்றார். குப்பைக்குப் போக விட மனம் வரவில்லை. அப்படித்தான் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அடுத்த ஞாயிறு வீடியோ அழைப்பில் ஊரிலிருந்த என் அம்மாவின் கண் நேரே அவனில் போய் நின்றது.

"ஆரடா அது, மாலையோட?"

"கனடாப் பெடியன் அம்மா. அந்தக் காலத்துச் சண்டையில பிளேனோட காணாமப்போனவன்."

"காணாமப்போனவனுக்கு ஏன் மாலை போட்டனீங்கள்?"

போனை மற்றப் பக்கம் திருப்பினேன். அம்மாவே திரும்பக் கேட்டார்.

"தாய் இருக்கிறாவோ?"

"இல்லை அம்மா. எப்பவோ மோசம் போயிட்டா."

"அப்ப சரி. தாய் இருக்குமட்டும் போடக்கூடாது."

பிறகு, சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று வழக்கம்போல விசாரித்தார்.

சில மாதங்களில் அம்மாவும் போய்விட்டார். செத்தவீட்டை நான் போனில்தான் பார்த்தேன். படம் விட்டு விட்டு வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனேன், யார் யாருக்கோ காலுறை மாட்டினேன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மனைவி செவ்வந்தி வாங்கிவந்து மாலை கட்டினாள். "இஞ்சருங்கோ, ரெண்டாக் கட்டிப்போட்டன்," என்றாள். ஒன்றை அம்மாவின் படத்துக்குப் போட்டுச் சந்தனமும் வைத்தேன். மற்றதைத் தூக்கிக்கொண்டு அண்ணாவுக்கு முன்னால் நின்றேன். இனிப் போடக்கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கை எழவில்லை.

இப்போது அங்கே மூன்று படங்கள். வெள்ளைக்காரன் அதே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பழைய மாலை, அம்மாவுக்குப் புதியது. அண்ணாவின் மாலை குளிர்சாதனப் பெட்டியில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேத்தண்ணிக்குப் பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் செவ்வந்தி மணக்கிறது. மனைவி அதை எறியவில்லை. எறியச் சொல்லி நானும் கேட்கவில்லை.