குருண் ஆலையின் காய்ந்த குழாய்

ஜப்பான்காரன் போய்விட்டான், இப்போது எழுதலாம். மலாயாவின் கெடாவில் சரக்கு வைக்கப் பழைய எஸ்டேட் கட்டடம் தேடுகிறவர்களுக்கு உதவும். அவன் ஆட்சியில், மழை விட்டிருந்த மாதம், சுங்கைப்பட்டாணியில் என் கிடங்கில் பாதி எரிந்துபோனது. மிஞ்சியது தேங்காய் எண்ணெய் டின்களும் சாக்குக் கட்டுகளும். இன்னொரு தீ வந்தால் நான் தெருவில்தான். அதனால் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் உள்ள கட்டடமாகப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

முதலில் பாடாங் செராய். சைக்கிளில் போனேன். டியூப் கிடைக்காத காலம், டயருக்குள் ரப்பரைத் திணித்திருந்தேன். இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. அங்கே இருந்தது ஈரக் குழாய். கூரைத் தொட்டியிலிருந்து எந்நேரமும் உள்ளே தண்ணீர் நிற்கும், திருகினால் பாயும். திருகினேன், துரு கொட்டியது. தொட்டிக்கு ஏற்றும் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லையாம். இதை ஒப்புக்கொள்வதற்குள் இடத்துக்காரர் இரண்டு முறை வாடகை சொல்லிவிட்டார்.

மறுநாள் குருண். பதினான்கு மைல், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் லாரியில் ஜப்பான் நோட்டு இரண்டு வெள்ளி கட்டணம். மேட்டில் லாரி மூச்சுவிட்டு நின்றது. டிரைவர் இறங்கித் தள்ளச் சொன்னான்.

"தள்ளுறதுக்கும் நானே காசு குடுக்கணுமா தம்பி?"

"உக்காந்து வந்ததுக்குத்தான் காசுண்ணே. தள்ளுறது சும்மாலா."

மூடிக்கிடந்த ரப்பர் ஆலை அது, மூன்று மாடி. சாவி, பக்கத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அஞ்சலையிடம் இருந்தது. புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபின் அவள்தான் காவல்.

இங்கே காய்ந்த குழாய். உள்ளே வெறும் காற்று. தீயணைப்பு வண்டி வந்து குழாயின் வெளிவாயில் தண்ணீரை அடித்தால்தான் மாடிக்கு ஏறும். வண்டியை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சரி, கைப்பம்பு வைத்துச் சமாளிக்கலாம், அடைப்பில்லாமல் இருந்தால் போதும் என்று கீழ்த் திருகைப் பிடித்தேன்.

"அதத் திறக்காதீங்கண்ணே."

"ஏன், காத்து தீந்துடுமா?"

திறந்தேன். செருப்பின் மேல் அரிசி கொட்டியது. அஞ்சலை முந்தானையை விரித்து அடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவசரமாக மூடினேன்.

"லயத்து ஆளுங்க எல்லாரோடதும்ணே. ஜப்பான்காரனுங்க அரிசி தேடி வீடு வீடா கிளறுனானுங்க, குழாய மட்டும் எவனும் பாக்கல. மேல்மாடித் திருகு வழியா கொஞ்சம் கொஞ்சமா போட்டது. வெளிய தெரிஞ்சா எங்க தலை இருக்காது."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. தண்ணீர் இருக்க வேண்டிய குழாயில் துரு, காற்று இருக்க வேண்டிய குழாயில் அரிசி.

"தீ புடிச்சா என்ன பண்ணுவ?"

"சோறு வெந்துடும்."

சிரிக்காமல் சொன்னாள். காலி செய்யச் சொன்னால் அத்தனை அரிசியும் வெளியே வந்தாக வேண்டும், எவன் கண்ணிலாவது படும். எனக்கும் வேறு இடமில்லை. முணுமுணுத்துக்கொண்டே எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் வாடகை பேசி முடித்தேன். குழாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாசலில் மணல் வாளியும் தண்ணீர்ப் பீப்பாயும் வைத்தேன்.

அதன்பிறகு அந்தக் கட்டடத்துப் பக்கம் லயத்து ஆட்கள் யாரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். ஒருநாள் என்னையே சுருட்டோடு வாசலில் மறித்தாள் அஞ்சலை.

"எண்ணெய் உங்களோடது, அரிசி எங்களோடதுண்ணே. அந்தாண்ட போயி குடிச்சிட்டு வாங்க."

வாடகை கொடுப்பவன் நான். போய்க் குடித்துவிட்டு வந்தேன். ஜப்பான்காரன் போகும்வரை ஒரு டின்கூடக் கருகவில்லை.

ஆகவே, ஈரக் குழாய் என்றால் ஏறித் தொட்டியைப் பாருங்கள். காய்ந்த குழாய் என்றால் பம்பு எங்கே என்று கேளுங்கள். எதுவானாலும் திருகை உங்கள் கையாலேயே திறங்கள். அதற்குமுன் அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.